நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று எதைச் சொல்கிறோம்? அமெரிக்கப் பெற்றோரும் பள்ளித் தேர்வும்: ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பம் எதனிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கிழக்குப் பார்த்த வாசலா, பேஸ்மெண்ட் உண்டா, ரயில் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, “ஸ்கூல் எப்படி?” பதிலும் கைவசம் இருக்கும். “டிஸ்ட்ரிக்ட் சூப்பர்ணா. ஆனா மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் வாங்கிடாதீங்க, வேற எலிமெண்டரி போயிடும். அங்க க்ரவுடு சரியில்ல.”

சொன்னவர் அந்தப் பள்ளிக்குள் ஒரு நாளும் போயிருக்க மாட்டார். அவருக்குச் சொன்னவரும் போயிருக்க மாட்டார். ஆனாலும் அந்த ஒரு வரியை நம்பி வீட்டு விலையில் ஐம்பதாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்க ஆட்கள் தயார்.

அந்த ‘க்ரவுடு’ என்ற சொல்லுக்குள் இருப்பது இனமா என்ற விவாதம் வழக்கமாக இரண்டு இடங்களில் போய் நின்றுவிடுகிறது. “இதில் இனம் எங்கே வந்தது? மார்க்கைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்” என்பார் ஒருவர். “எல்லாம் இனவெறி” என்று இன்னொருவர் முடித்துவிடுவார். முதலாமவர் சொல்லும் மார்க் எதை அளக்கிறது என்று கேட்டால் அவர் வாதம் ஆட்டம் காணும். இரண்டாமவர் வாதத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு: யாரையும் வெறுக்காத பெற்றோரும் சேர்ந்து இதே இனப் பிரிவினையை உண்டாக்கிவிட முடியும். எனக்குப் புரிந்தவரை, பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கும் பெற்றோர், தம் பிள்ளைக்குப் பக்கத்தில் யாருடைய பிள்ளை உட்கார வேண்டும் என்பதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பள்ளிக்கு ஃபீஸ் இல்லை, முகவரிக்கு உண்டு

அமெரிக்காவில் பப்ளிக் ஸ்கூல் என்றால் அரசுப் பள்ளி. கட்டணம் கிடையாது. ஏறக்குறைய 5 கோடிப் பிள்ளைகள் இவற்றில் படிக்கிறார்கள். நம்மூரில் கையில் நாலு காசு சேர்ந்ததும் அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளிக்குப் போவார்கள். அங்கே வசதியானவர்களும் பெரும்பாலும் அரசுப் பள்ளியிலேயே இருப்பார்கள், வீட்டைத்தான் மாற்றுவார்கள்.

ஏனென்றால் எந்தப் பள்ளி என்பதை முகவரிதான் முடிவு செய்கிறது. இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது தனி வாரியமும் தனி பட்ஜெட்டும் கொண்டு, ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம். நாடு முழுக்க இப்படிச் சுமார் 13,000 இருக்கின்றன. பள்ளி எல்லை என்பது அந்த டிஸ்ட்ரிக்ட்டுக்குள் எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று வரைந்த கோடு. கோட்டை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃப்ளோரிடாவில் ஒவ்வொரு கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் போல) ஒரு டிஸ்ட்ரிக்ட், மொத்தம் 67. பரப்பில் அதைவிடப் பல மடங்கு சிறிய நியூ ஜெர்சியில் 600-ஐ ஒட்டி இருக்கின்றன. நியூ ஜெர்சியில் பத்து நிமிடம் கார் ஓட்டினால் இரண்டு மூன்று டிஸ்ட்ரிக்ட்டைத் தாண்டிவிடலாம்.

பணமும் இந்தக் கோடுகளை ஒட்டித்தான் ஓடுகிறது. நாடு முழுவதற்குமான கணக்கில் பள்ளிச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உள்ளூரிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி வீட்டு மதிப்பின் மீது போடும் ப்ராப்பர்டி டாக்ஸ். கிட்டத்தட்ட அதே அளவு மாநில அரசு தருகிறது. மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்று அளவுக்குத்தான். ஏழை டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குக் கூடுதல் நிதி கொடுத்துச் சமன்செய்யும் மாநிலங்களும் உண்டு. நியூ ஜெர்சியில் ‘ஆபட்’ வழக்குத் தீர்ப்புகள் அதைக் கட்டாயமாக்கின. எனவே ‘ஏழைப் பள்ளி என்றால் பணம் இல்லாத பள்ளி’ என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. பணம் சமமான பிறகும் பெற்றோர் விலகிப் போகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஃபீஸ் இல்லாத பள்ளிக்கு விலை எங்கே இருக்கிறது? வீட்டில் ஒளிந்திருக்கிறது. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியல் அறிஞர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லையின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் வீடுகளை அவர் ஒப்பிட்டார். ஒரே ஊர், ஒரே வரி, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டு விலையில் 2.5 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள்.

அந்த விலையைக் கொடுக்க முடியாதவர் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? ஓஹியோ மாநிலம் ஆக்ரன் நகரில் ஒரு கறுப்பினத் தாய் தன் இரு மகள்களையும், பக்கத்துப் புறநகரில் இருந்த தன் தகப்பனாரின் முகவரியைக் கொடுத்து அங்குள்ள பள்ளியில் சேர்த்தார். டிஸ்ட்ரிக்ட் தனியார் துப்பறிவாளரை வைத்து அவர் காரைப் பின்தொடர்ந்து படம் எடுத்தது. 2011-இல் ஆவணத்தைத் திரித்த குற்றத்துக்காக அவர் சிறைக்குப் போய், ஒன்பது நாள் இருந்தார். பிறகு மாநில ஆளுநர் தலையிட்டுக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். ‘இலவசப் பள்ளி’ என்ற சொல்லுக்கு எல்லை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழக்கு எனக்குத் தெரியவில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பள்ளி இலவசம், ஆனால் பள்ளிக்குள் நுழையும் அனுமதி வீட்டு விலையோடு சேர்த்து விற்கப்படுகிறது. ஆகவே ‘நல்ல பள்ளி’ எது என்ற பேச்சு, யார் எங்கே குடியிருக்கலாம் என்ற பேச்சாகவும் ஆகிவிடுகிறது.

பத்துக்கு எட்டு: அந்த எண் எதை அளக்கிறது?

வீடு விற்கும் இணையதளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே பள்ளிகளின் பெயரும் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண்ணும் இருக்கும். 1998-இல் தொடங்கிய கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் எண் அது. நெடுங்காலம் அந்த எண் பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை மட்டுமே வைத்துப் போடப்பட்டது. விமர்சனங்கள் எழுந்தபின் 2017-இலும் 2020-இலும் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். ஆனால் பெற்றோர் மனதில் பதிந்த வரைபடம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

மதிப்பெண்ணில் என்ன தவறு? நம்மூர் டியூஷன் சென்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தேர்வு வைத்து, பத்தாம் வகுப்பில் 480-க்கு மேல் வாங்கியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சென்டர் ஒன்று. ரிசல்ட் வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள்: இத்தனை சென்டம். பக்கத்துத் தெருவில் ஃபெயிலான பையன்களைச் சேர்த்துக்கொண்டு 70 மார்க்குக்கு ஏற்றிவிடும் வாத்தியாருக்கு ஃப்ளெக்ஸ் கிடையாது. யார் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்பது ஃப்ளெக்ஸில் தெரியாது. யார் உள்ளே வந்தார்கள் என்பதுதான் தெரியும்.

இதற்கு இரண்டு சொற்கள் வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் இன்று எந்த மட்டத்தில் இருக்கிறார்கள் என்பது மதிப்பெண் மட்டம். ஒரு வருடத்தில் அவர்கள் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்பது வளர்ச்சி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதிலும் உள்ள டிஸ்ட்ரிக்ட்டுகளின் தேர்வு முடிவுகளை ஒன்றாகத் திரட்டி ஆராய்ந்தார். மதிப்பெண் மட்டம் பெற்றோரின் வருமானத்தோடும் படிப்போடும் மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. வளர்ச்சிக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சொற்பம். அவர் கணக்கில் அதிகம் பேசப்பட்டது சிகாகோ. பெரும்பாலும் கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) ஏழைப் பிள்ளைகள் படிக்கும் டிஸ்ட்ரிக்ட் அது. எத்தனையோ பேர் ‘அங்கே வேண்டாம்’ என்று ஒதுக்கும் ஊர். 2009 முதல் 2014 வரையிலான முடிவுகளின்படி, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் ஆறு ஆண்டுப் படிப்புக்கு ஈடாக முன்னேறியிருந்தார்கள். நாட்டின் பெரிய டிஸ்ட்ரிக்ட்டுகளில் வேறெதுவும் அதை எட்டவில்லை. ரேட்டிங்கில் இது தெரியாது, ஏனென்றால் அவர்கள் தொடங்கிய இடம் அவ்வளவு கீழே.

மறுமுனையிலும் இதே கதைதான். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. நியூயார்க்கின் ஸ்டைவசண்ட் அவற்றில் புகழ்பெற்றது. கட்-ஆஃபுக்கு ஓரிரு மார்க் மேலே வாங்கி உள்ளே போனவர்களையும், ஓரிரு மார்க்கில் தவறவிட்டு வேறு பள்ளிக்குப் போனவர்களையும் பொருளியலாளர்கள் சிலர் ஒப்பிட்டு 2014-இல் ஆய்வு வெளியிட்டார்கள். பின்னாளில் இரு சாராரின் தேர்வு மதிப்பெண்ணிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வகுப்பில் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்பது மட்டும் நம் பிள்ளையின் மார்க்கை ஏற்றிவிடவில்லை.

கேட்டால் ஒன்று, க்ளிக் பண்ணுவது இன்னொன்று

பள்ளியில் உங்களுக்கு எது முக்கியம் என்று சர்வேயில் கேட்டால் அமெரிக்கப் பெற்றோர் ஆசிரியர் தரம், பாடத்திட்டம், பாதுகாப்பு என்பார்கள். மாணவர்களின் இனம் என்று ஏறக்குறைய யாரும் சொல்வதில்லை. மார்க் ஷ்னைடர், ஜாக் பக்லி என்ற இரு ஆய்வாளர்கள் கேட்பதை விட்டுவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தார்கள். வாஷிங்டன் டி.சி. பள்ளிகளின் விவரங்களைத் தரும் ஒரு இணையதளத்தை நடத்தி, வந்தவர்கள் எதை எந்த வரிசையில் க்ளிக் செய்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. பெற்றோர் முதலில் போய்ப் பார்த்த தகவல்களில் முன்னணியில் இருந்தது, மாணவர்கள் எந்தெந்த இனத்தவர் என்ற பட்டியல். ஆசிரியர்களைப் பற்றிய பக்கம் பின்னால்தான்.

இவர்கள் சர்வேயில் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘இந்தப் பள்ளி எப்படிப்பட்டது’ என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பார்கள். சிக்கலே அங்குதான். ஆசிரியர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாரா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளின் தோல் நிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். தெரியாததை அளக்கத் தெரிந்ததைக் கருவியாக்கிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் இனமும் வர்க்கமும் பின்னிக் கிடப்பதால் இந்தக் குறுக்குவழி இன்னும் எளிதாகிறது. வர்க்கம் என்று இங்கே நான் சொல்வது வருமானம், பெற்றோரின் படிப்பு, வேலை மூன்றையும் சேர்த்து. ரேட்டிங் பக்கத்திலேயே ‘குறைந்த வருமானக் குடும்பங்கள்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கிலிருந்து பெரும்பாலும் எடுத்தது. இனத்தைப் பார்த்து ஏழ்மையை ஊகிப்பவரும் இருக்கிறார். ஏழ்மை எண்ணைப் பார்த்து இனத்தை ஊகிப்பவரும் இருக்கிறார்.

அப்படியானால் இது முழுக்க வர்க்கம்தானே, இனம் வெறும் அடையாளம்தானே என்று கேட்கலாம். அதையும் சோதித்திருக்கிறார்கள். சேஸ் பில்லிங்ஹாம், மாத்யூ ஹன்ட் என்ற சமூகவியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையினப் பெற்றோரிடம் கற்பனைப் பள்ளிகளின் விவரங்களைக் கொடுத்தார்கள். தேர்ச்சி, கட்டடம், பாதுகாப்பு எல்லாமும் சொல்லப்பட்டிருந்தன. அவை ஒன்றாக இருந்தபோதும், கறுப்பின மாணவர் விகிதம் ஏற ஏற ‘என் பிள்ளையைச் சேர்ப்பேன்’ என்றவர்கள் குறைந்தார்கள். வர்க்கம் விளக்காத மிச்சம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

பிறகு வாய்வழிச் செய்தி. ஜெனிஃபர் ஹோம் என்ற ஆய்வாளர், பள்ளிக்காகவே வீடு மாறிய கலிஃபோர்னியப் பெற்றோரிடம் பேசினார். பெரும்பாலோர் தங்களைப் போன்ற அந்தஸ்துள்ள நண்பர்கள் சொன்னதை நம்பித்தான் வாங்கினார்கள். பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்தவர்கள் அபூர்வம். லட்சக்கணக்கில் டாலர் போட்டு வாங்குகிற பொருளைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவது வேறு எந்த விஷயத்திலும் நடக்காது.

இவ்வளவு பதற்றம் ஏன் என்றால், நடுத்தர வர்க்கத்தின் சொத்து விசித்திரமானது. நிலம் வைத்திருப்பவர் நிலத்தை எழுதிவைக்கலாம். டாக்டர் தன் வேலையை மகளுக்கு எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தேர்வு எழுதி, பட்டம் வாங்கி, மறுபடி அதே இடத்தைப் பிடிக்க வேண்டும். சறுக்கினால் பிடிமானம் இல்லை என்ற பயம் மேலே இருக்கிற பணக்காரரைவிட நடுவில் நிற்பவருக்கே அதிகம். அந்தப் பயம்தான் ‘எல்லாக் குழந்தைக்கும் சம வாய்ப்பு’ என்று வாசலில் போர்டு வைத்திருப்பவரையும் பள்ளி எல்லையை மாற்றும் கூட்டத்தில் எழுந்து கத்த வைக்கிறது.

கோடுகளை யார் போட்டார்கள்?

பெற்றோர் மனத்தில் உள்ளதை மட்டும் பேசினால் பாதி மறைந்துவிடும். இந்தப் பயத்தை ஒரு காலத்தில் அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது.

1934-இல் தொடங்கிய எஃப்.ஹெச்.ஏ. என்ற மத்திய வீட்டு வசதி நிறுவனம் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது. எந்த வட்டாரம் நம்பகமானது என்று மதிப்பிட அதிகாரிகளுக்கு ஒரு கையேடு உண்டு. 1930-களின் அந்தக் கையேட்டில் பள்ளிகளைப் பற்றியும் ஒரு குறிப்பு இருக்கிறது. சமூகத்தில் மிகக் கீழ்மட்டத்தவரோ ஒத்துவராத இனத்தவரோ நிறைந்த பள்ளிக்குப் பிள்ளைகள் போக வேண்டியிருந்தால் அந்தக் குடியிருப்பின் மதிப்பு நிலைக்காது என்பது அதன் சாரம். வர்க்கமும் இனமும் பள்ளியும் வீட்டு விலையும் ஒரே வாக்கியத்தில். அதே காலத்தில் இன்னொரு மத்திய நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு பூசியது. கடன் மறுக்கும் அந்த வழக்கத்துக்கு ரெட்லைனிங் என்று பெயர். 1968-இல்தான் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைச் சட்டம் தடை செய்தது. அதற்குள் புறநகர்கள் உருவாகி, யார் எங்கே என்பது உறுதியாகிவிட்டது.

இதற்கு நடுவே 1954-இல் ‘பிரவுன்’ வழக்கில், இனத்தின் பேரில் தனித்தனிப் பள்ளி நடத்துவது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் இது தெரியும். இன்றைய நிலைமையைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியம் 20 ஆண்டு கழித்து வந்த ‘மில்லிகன்’ தீர்ப்பு என்பேன். டெட்ராய்ட் நகருக்குள் வெள்ளையினப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனதால், சுற்றியுள்ள 53 புறநகர் டிஸ்ட்ரிக்ட்டுகளையும் சேர்த்தால்தான் பள்ளிகளைக் கலக்க முடியும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 1974-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. புறநகர் டிஸ்ட்ரிக்ட்டுகள் தவறு செய்ததாக நிரூபணம் இல்லாதபோது அவற்றின் எல்லையைத் தாண்ட முடியாது என்றது. பிரவுன் வழக்கை வக்கீலாக நின்று வென்ற தர்குட் மார்ஷல் அப்போது நீதிபதி. பெருநகரங்கள் வெள்ளையர் ஊர், கறுப்பர் ஊர் என இரண்டாகப் பிளந்து போகும் என்று அவர் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார்.

நகரத்துக்குள் பேருந்து வைத்துப் பிள்ளைகளைக் கலந்தாலும், டிஸ்ட்ரிக்ட் எல்லையைத் தாண்டிக் குடிபோனவரை யாரும் தொட முடியாது என்று அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆகிவிட்டது. நியூ ஜெர்சியின் அறுநூறை ஒட்டிய குட்டி டிஸ்ட்ரிக்ட்டுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். அலபாமாவில் கார்டன்டேல் என்ற ஊர் கவுண்டி டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து பிரிந்து தனக்கென ஒரு டிஸ்ட்ரிக்ட் வைத்துக்கொள்ள முயன்றது. அதன் பின்னால் இன நோக்கம் இருப்பதாகச் சொல்லி 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது.

வெறுப்பே இல்லாமல் பிரிவது எப்படி?

தாமஸ் ஷெல்லிங் 1971-இல் ஒரு விளையாட்டைப் போல இதை விளக்கினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் அவர். சதுரங்கப் பலகையில் இரண்டு வகைக் காசுகளைக் கலந்து வையுங்கள். எந்தக் காசும் மற்ற வகையை வெறுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது என் வகை இருந்தால் போதும், அதற்குக் கீழே போனால் காலி இடத்துக்கு நகர்வேன் என்ற ஒரே விதி. ஆட்டம் தொடங்கியதும் ஒரு காசு நகரும். அது போனதால் பக்கத்துக் காசின் கணக்கு குறையும், அதுவும் நகரும். சிறிது நேரத்தில் பலகை இரண்டு கூடாரமாகப் பிரிந்திருக்கும். எந்தக் காசும் அதை விரும்பவில்லை.

பள்ளிகளில் இந்த ஆட்டத்துக்கு இன்னும் வேகம் அதிகம், ஏனென்றால் இங்கே வீட்டு விலையும் ரேட்டிங்கும் சேர்ந்து ஆடுகின்றன. வசதியான பத்துக் குடும்பம் வெளியேறினால் சராசரி மதிப்பெண் இறங்கும். எண் ஏழிலிருந்து ஆறாகும். அடுத்து வீடு தேடுபவர் ஆறைப் பார்த்து ஒதுங்குவார். ஆசிரியர் அதே ஆசிரியர், பாடம் அதே பாடம். ‘நான் பார்த்தது எண்ணைத்தான்’ என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்லலாம்.

ஆக, தனிமனிதர் மனத்தில் எவ்வளவு வெறுப்பு என்று தேடிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. லேசான தயக்கம், சட்டம் காக்கும் எல்லைக்கோடு, எல்லோருக்கும் தெரியும் ஓர் எண் மூன்றும் சேர்ந்தாலே போதும்.

நம்மவர்கள் எங்கே நிற்கிறோம்?

இந்தக் கதையில் நாம் வேடிக்கை பார்ப்பவர்கள் என்ற நினைப்பு நமக்குள் உண்டு. அது சரியில்லை.

விசாவில் வந்த குடும்பத்துக்கு நான் மேலே சொன்ன நடுத்தர வர்க்கப் பயம் இரட்டிப்பு. சொந்தபந்தம் இல்லை, பரம்பரைச் சொத்து இல்லை, க்ரீன் கார்டு எப்போது வரும் என்று தெரியாது. படிப்பு ஒன்றுதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது, பிள்ளைக்கும் அது ஒன்றுதான் வழி. எனவே ரேட்டிங் பத்து உள்ள ஊரில் சின்ன அபார்ட்மெண்டாவது பிடித்துவிடுகிறோம்.

பிறகு நடப்பது சுவாரசியமானது. கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோவில் மான்டா விஸ்டா உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணில் உச்சத்தில் இருந்தது. ஆசியப் பிள்ளைகள் பெருகப் பெருக வெள்ளையினக் குடும்பங்கள் விலகிப் போவதை 2005-லேயே பத்திரிகைகள் எழுதின. லியா புஸ்தான் என்ற பொருளியலாளரும் உடன் ஆய்வாளர்களும் பின்னர் கலிஃபோர்னியாவின் வசதியான புறநகர்களில் இதே போக்கைக் கணக்கோடு காட்டினார்கள். கறுப்பினத்தவர் வரும்போது ‘மார்க் இறங்கும்’ என்று போனார்கள், ஆசியர் வரும்போது ‘போட்டி தாங்கவில்லை’ என்று போகிறார்கள். வெறும் மார்க்குதான் காரணம் என்ற வாதத்துக்கு இது ஒன்றே போதுமான பதில்.

2015-இல் நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர்-பிளேன்ஸ்பரோ டிஸ்ட்ரிக்ட்டில், மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று அதன் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுதினார். பெற்றோர் இரண்டுபட்டார்கள், பெருமளவுக்கு வெள்ளையர் ஒரு பக்கம், ஆசியர் ஒரு பக்கமாக. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் பள்ளி நுழைவுத் தேர்வை 2020-இல் கைவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் இடம் ஒதுக்கியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஆசியர் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54-க்கு இறங்கியது. பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள், முன்னணியில் ஆசியர்கள். 2023-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அந்தப் பெற்றோரின் ஆத்திரத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கஷ்டப்பட்டுத் தயாரான பிள்ளையின் முன்னால் விதியை மாற்றினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் தேர்வுக்குத் தயாராவதற்கே ஆயிரக்கணக்கில் டாலர் கட்டிக் கோச்சிங் போக முடிகிற நாம், அந்தத் தேர்வைத் ‘திறமை’ என்ற ஒற்றைச் சொல்லால் அழைப்பதும் கொஞ்சம் அதிகப்படிதான்.

(‘ரொம்ப தேசியா (இந்தியக் கூட்டமா) இருக்கு, போட்டி ஜாஸ்தி’ என்று நம்மவர்களே ஊர் மாறுவதும் நடக்கிறது. ஷெல்லிங்குக்கு இது தெரிந்திருந்தால் மூன்றாவது வகைக் காசு ஒன்று வைத்திருப்பார்.)

பயத்துக்கு ஆதாரம் உண்டா?

‘கலந்த பள்ளியில் போட்டால் என் பிள்ளை பின்தங்கிவிடுமோ’ என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. அதை நேரடியாக ஆராய்ந்தவர்கள் உண்டு. பாஸ்டன் நகரின் பிள்ளைகளை, பெரும்பாலும் கறுப்பினத்தவரை, புறநகர்ப் பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பும் ‘மெட்கோ’ என்ற திட்டம் 1966 முதல் நடக்கிறது. ஜோஷுவா ஆங்ரிஸ்ட், கெவின் லாங் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பிள்ளைகள் வந்ததால் ஏற்கெனவே அங்கே படித்த வெள்ளையினப் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. எந்தப் பள்ளியும் நல்ல பள்ளிதான் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆசிரியர்கள் வருடத்துக்கு வருடம் ஓடிப்போகும் பள்ளிகள் இருக்கின்றன, ஒழுங்கில்லாத நிர்வாகங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க ரேட்டிங் எண்ணைவிட நேரில் போய்க் கேட்கும் கேள்விகள் உதவும். வளர்ச்சிக் கணக்கு என்ன சொல்கிறது? ஆசிரியர்கள் எத்தனை வருடம் தங்குகிறார்கள்? எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எல்லோருக்கும் உண்டா, பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டுமா? பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள்?

கலப்பதால் ஏழைப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டியில் ஒரு நல்ல சான்று உண்டு. அங்கே 1970-கள் முதலே புதிய குடியிருப்பு கட்டுபவர்கள் குறிப்பிட்ட பங்கு வீடுகளைக் குறைந்த விலைக்குத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவற்றில் ஒரு பகுதியைக் கவுண்டி நிர்வாகமே வாங்கி, ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. யாருக்கு எந்த வட்டாரம் என்பது அவர்கள் கையில் இல்லை. ஹெதர் ஷ்வார்ட்ஸ் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. ஏழைப் பள்ளிகளுக்குக் கவுண்டி கூடுதல் பணம் கொடுத்து வகுப்பைச் சிறியதாக்கியிருந்தது. ஆனாலும் வசதியான பள்ளிகளில் போய் விழுந்த ஏழைப் பிள்ளைகள், கூடுதல் பணம் பெற்ற ஏழைப் பள்ளிகளில் படித்த தங்களைப் போன்ற பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளி முடிவதற்குள் கணக்குப் பாடத்தில் நன்றாகவே முந்திவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தைப் போட்டது கல்வித் துறை இல்லை, அது வீடு கட்டும் விதி. நியூ ஜெர்சியிலும் ‘மவுண்ட் லாரல்’ தீர்ப்பு 1975-லேயே ஒவ்வொரு ஊரும் எளியோருக்கான வீடுகளுக்கு இடம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதன்படி ஊர்களுக்கு வீட்டு எண்ணிக்கை ஒதுக்கும் நான்காவது சுற்று 2025 ஜூலையில் தொடங்கியது. எந்த ஊரில் எத்தனை வீடு என்பதைப் பேசும் டவுன்ஷிப் கூட்டங்களில் மைக் முன்னால் வரிசை நீளும். ‘ட்ராஃபிக் ஜாஸ்தியாகும்’, ‘ஸ்கூலில் ஏற்கெனவே இடமில்லை’ என்பார்கள். அந்த வரிசையில் பத்துக்குப் பத்து டிஸ்ட்ரிக்ட்டுக்காக இரண்டு வருடத்துக்கு முன்பு குடிவந்த நம்மவர்களும் நிற்கிறார்கள்.